பதினான்காவது கேள்வி

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு, பள்ளிக்கூடத்து வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ரவா கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜ்வாலாமாலினி டீச்சரின் போனில் ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. கை கூப்பிய பொம்மை, மூன்று பூங்கொத்து, அதற்குக் கீழே எழுத்து: ‘அந்தி உணவுத் திட்டம். ஒன்றியத்திலேயே பசி மிகுந்த குடியிருப்பாகத் தாங்கல்மேடு தேர்வு. சிறப்பாகக் களப்பணி ஆற்றிய திருமதி ஜ்வாலாமாலினி அவர்களுக்குப் பாராட்டுகள்.’ அவள் இரண்டு தடவை படித்தாள். தாங்கல்மேடு அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். கீழ்பென்னாத்தூருக்குப் போகிற வழியில் அறுபத்திரண்டு வீடு, அத்தனையும் நயினார், அதாவது தமிழ்ச் சமணர் வீடு. வீட்டுக்கு இரண்டு கறவை மாடு உண்டு. அறுவடை முடிந்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை வைக்க இடமில்லாமல் கூடத்தில் கட்டிலுக்கடியில் எல்லாம் தள்ளி வைத்திருப்பார்கள். அந்த ஊர் பசியில் முதலிடம் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

சிரிப்பு வாயில் இருக்கும்போதே கஸ்தூரி மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டினாள். அஞ்சாங்கிளாஸ். தாங்கல்மேட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரைக் காலனி ஆராயியின் மகள். திங்கட்கிழமைகளில் இவள் சாப்பிடுவது சமையல்காரம்மாவுக்குப் பழகிவிட்டது; ஒன்றும் கேட்காமல் அள்ளி வைப்பாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டால் திங்கள் காலைதான் மறுபடி பள்ளியில் சாப்பாடு. நடுவில் சனி ஞாயிறும், தினமும் வருகிற ராத்திரியும், ஆராயிக்குக் களை வெட்டக் கூப்பிடுகிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. மாலினிக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் என்ன நடந்துவிட்டது என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. போனைப் புடவைத் தலைப்பில் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு இருக்கிறது, மத்தியானம் இருக்கிறது, மூன்றாவது வேளையும் போட்டுப் பார்க்கலாமே என்று யாரோ ஒருவர் நல்ல மனதோடுதான் யோசித்திருக்கிறார். அதைக் குறை சொல்ல வாய் வராது. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் முடியாது என்பதால், சோதனைக்கு ஒன்றியத்துக்கு ஒரு குடியிருப்பு, அதிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கெடுப்பு. கணக்கெடுக்க வேறு யார், வாத்தியார்கள்தான். திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி வைத்தார்கள். சட்டைக் காலரில் மைக் மாட்டிய ஒரு நிபுணர் வந்தார். வருமானம் கேட்டால் ஜனங்கள் குறைத்துச் சொல்வார்கள், பசிக்கிறதா என்று கேட்டால் கூட்டிச் சொல்வார்கள், ஆகவே நேரத்தை வைத்துக் கேட்கிறோம், இதில் பொய் சொல்லவே முடியாது என்றார். அவர் பெருமையாகத் திரையில் காட்டியது பதினான்காவது கேள்வி: ‘கடந்த ஏழு நாட்களில், இரவு ஏழு மணிக்குப் பிறகு எதுவும் உண்ணாமல் உறங்கச் சென்ற நாட்கள் எத்தனை?’ கேட்பதைக் கேட்க வேண்டும், சொல்வதைப் போட வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. ஏன் என்று கேட்கக் கூடாது. ஏன் என்று எழுதுவதற்குக் கணக்கெடுப்புக்கான போன் ஆப்பில் இடமும் இல்லை.

தாங்கல்மேட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் ஒரு பருக்கை போடுவதில்லை. விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து உயிர் போய்விடக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற விரதம். ஐந்தரைக்கெல்லாம் சாதமோ சப்பாத்தியோ முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். பொய் சொல்லக் கூடாது என்பதும் அதே ஊரில் ஒரு விரதம். ஆக, கேட்ட வீட்டிலெல்லாம் ஒரே பதில். ஏழு. ஏழு. ஏழு. ஒரு கிழவர் பாலைக் கையில் கொடுத்துவிட்டு, “எழுவது வருசமா ஏழுதாம்மா, தாராளமா போட்டுக்கோ” என்றார். மூன்றாவது வீட்டிலேயே மாலினிக்கு உறுத்தியது. மேற்பார்வையாளர் கோதண்டராமனுக்குப் போன் செய்தாள். அவர் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர். “மேடம், சொல்றத போடுங்க. உங்க யோசனைய அதுல போடாதீங்க” என்று வைத்துவிட்டார். அவள் போட்டாள். அறுபத்திரண்டு வீட்டுக்கும் போட்டாள்.

ஏரிக்கரைக் காலனியில் நாற்பத்தோரு வீடு. அங்கே ஆராயிதான் முதலில். “நாங்க இன்னா சாப்புடாமயா கெடக்குறோம்? சைபர் போடுங்க டீச்சர்” என்றாள். அடுத்த வீட்டுக்காரி ஆராயியைப் பார்த்துவிட்டுச் சைபர் என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். ஒன்றரை மணி நேரத்தில் காலனி முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடித்தோமே என்று அன்றைக்கு மாலினிக்குத் திருப்திகூட இருந்தது.

மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வேங்கிக்கால் போனாள். திட்ட அலுவலகம் புதுக் குடியிருப்பில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. வாசலில் திருஷ்டிப் பூசணி தொங்க, உள்ளே ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி. அதில் ஒன்றியங்களெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பாக மினுங்கின. மாவட்ட ஒருங்கிணைப்பாளர் அருண்பிரசாத் சென்னையிலிருந்து வந்தவன். முப்பது வயது இருக்காது. அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றான்.

“தாங்கல்மேடு மேடமா? உங்களுது மாதிரி டேட்டா எங்கயும் வரல மேடம். அறுபத்திரண்டு வீடும் ஒரே மாதிரி.”

அவள் உட்காராமல் சொன்னாள். விரதத்தைச் சொன்னாள், மாட்டைச் சொன்னாள், மூட்டைகளைச் சொன்னாள். காலனியைச் சொன்னாள். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவன் முட்டாள் இல்லை. இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டான். சுவரில் சிவப்பாக எரிந்த தாங்கல்மேட்டைத் திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு அவன் பேசியது எதுவும் அவளிடம் பேசியது மாதிரி இல்லை.

“லிஸ்ட் அப்ரூவ் ஆயிடுச்சு மேடம். வியாழக்கிழமை அமைச்சர் வராங்க. இப்ப மாத்துனா மொத்த சர்வேவும் கேள்விக்கு வரும். ஆறு மாசத்துல அடுத்த ரவுண்டு இருக்கு, அதுல காலனிய எடுத்துடலாம்.”

“ஆறு மாசம் அந்தப் புள்ளைங்க இன்னா சார் பண்ணும்?”

பக்கத்து மேஜையிலிருந்து கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். “ரூல்ல ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, காலனிக்காரங்க நாங்க தப்பா பதில் சொல்லிட்டோம், பட்டினியாத்தான் கெடக்குறோம்னு பாதி வீட்டுக்கு மேல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இல்லன்னா நீங்க, வேணும்னே தப்பா பதிவு பண்ணிட்டேன்னு எழுதிக் குடுக்கணும். அப்ப மறு ஆய்வு வரும். உங்க மேல நடவடிக்கையும் வரும். அத யோசிச்சுக்குங்க.”

“நான் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேனே சார்.”

“கேட்டீங்க. நான் சொன்னதுக்கு எழுத்துல எதனா இருக்கா?”

வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலைக்குள் வரை பஸ் போகவில்லை. பௌர்ணமி. பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாகத் தன் வாடகை வீட்டுக்கு நடந்தாள். கிரிவலப் பாதையில் நூறு அடிக்கு ஒரு அன்னதானப் பந்தல். சாம்பார் சாதம், பிரிஞ்சி, சர்க்கரைப் பொங்கல், கடைசிப் பந்தலில் பாதாம் பால். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொடுத்தார்கள். வாங்கினவர்கள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தட்டோடு ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார்கள். யாரிடமும் யாரும் பதினான்காவது கேள்வி கேட்கவில்லை. அவளுக்கும் ஒருவர் தொன்னையை நீட்டினார். மணி ஏழரை ஆகியிருந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தவளுக்கு, ஊரெல்லாம் சோறாகக் கிடக்க ஒரு குழந்தைக்கு ராத்திரி ஒரு கவளம் போடுவதற்கு இத்தனை பேர், இத்தனை டிவி, இத்தனை ரூல் வேண்டியிருக்கிறதே என்று கோபத்தில் கண் கலங்கியது.

மறுநாள் பள்ளி விட்டதும் காலனிக்குப் போனாள். ஆராயி மல்லாட்டை பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையெல்லாம் செம்மண். மாலினி எல்லாவற்றையும் சொல்லி, கையெழுத்துக் கேட்டாள். ஆராயி முதலில் கையைக் கழுவி முடித்தாள்.

“டீச்சர், அன்னிக்கு நீங்க நடுத்தெருவுல நாற்காலி போட்டு ஒக்காந்துகினு கேட்டீங்க. எம் மாமியா நின்னுகினு இருந்தாங்க. அக்கம் பக்கம் பூரா நின்னுச்சு. எம் பொண்ணு உங்க தோளு பக்கத்துல நின்னுகினு நீங்க போன அமுக்குறத பாத்துகினு இருந்தா. அவ எதுர்ல நான் இன்னா சொல்லணும்? உன்ன பட்டினி போடுறேன்னு சொல்லணுமா?”

ஆராயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினாள்.

“நயினார் தெருவுல வூட்டுக்குள்ள போயி, பாலு குடிச்சிகினு கேட்டீங்களாமே. எங்க வூட்டுக்கும் கதவு இருக்குது டீச்சர். அன்னிக்கு நீங்க உள்ள வந்து ஒக்காந்து, புள்ளைய வெளிய அனுப்பிட்டு, இன்னா ஆராயி அடுப்பு எரியுதான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்ப பட்டினின்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்க. அத பஞ்சாயத்து ஆபீசு செவுத்துல ஒட்டுவாங்க. சோறு வோணாம்னு சொல்லல. குடுத்தா துன்னும் புள்ளைங்க. நான் எழுதித் தரமாட்டேன்.”

உண்மை அவ்வளவுதான். அந்த நாற்காலியைக் காலனிக்காரர்கள் ஓடிப்போய் எடுத்து வந்து போட்டார்கள். அவள் யோசிக்காமல் உட்கார்ந்தாள். எத்தனையோ வருடமாக இந்தக் காலனிக்கு வருகிறாள், ஒரு வீட்டு வாசற்படியும் தாண்டியதில்லை என்பதை அதுவரை அவள் கவனித்ததுகூட இல்லை. நிபுணர் மேல் இருந்த கோபம், அருண்பிரசாத் மேல் இருந்த கோபம், கோதண்டராமன் மேல் இருந்த கோபம் எல்லாம் அப்படியேதான் இருந்தன. அவற்றோடு தன் மேலும் ஒன்று சேர்ந்துகொண்டது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவள் கணவனின் அண்ணன் சாந்திகுமார் பைக்கை நிறுத்தினார். வார்டு மெம்பர். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது.

“எழுதி கிழுதி குடுத்துடாத மாலினி. சமையக்கூடம் கட்டித் தராங்க, போர் போடுறாங்க. நாம கேக்கவே இல்ல, தானா வந்திருக்குது.”

“நம்ம ஊர்ல யாரு மாமா ஏழு மணிக்கு சாப்பிடுவாங்க?”

“சாப்பிடலன்னா போவுது. கட்டடம் நிக்கும் இல்ல. நாம என்னா, பொய்யா சொன்னோம்?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் கிளப்பிவிட்டது. பொய்யா சொன்னோம். ஊரே உண்மை பேசி, அந்த உண்மையை வைத்து ஒரு குழந்தையின் சோற்றை எடுத்துக்கொண்டுவிட்டு, மனசாட்சி சுத்தமாக ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறது. இந்த உண்மையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை வேங்கிக்கால் அலுவலகத்தில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, கோதண்டராமனின் மேஜையிலேயே குனிந்து எழுதினாள். ‘தாங்கல்மேடு குடியிருப்பில் கணக்கெடுப்பின்போது, பதினான்காவது கேள்விக்கு நான் வேண்டுமென்றே பொய்யான விவரங்களைப் பதிவு செய்தேன்.’ அறிந்து அவள் எழுதிய முதல் பொய் அது. சின்ன வயதில் பென்சில் திருடியதற்குக்கூட ஒத்துக்கொண்டு அடி வாங்கினவள். கையெழுத்து அழகாக விழுந்தது. கோதண்டராமன் இரண்டு தடவை படித்தார். முத்திரை குத்தும்போது, “பாவம்மா நீங்க” என்றார். அதைக் கேட்டு அவருடைய முத்திரைப் பெட்டியைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது.

மாலை நான்கு மணிக்குள் இரண்டு பதில் வந்துவிட்டது. ஒன்று, பொய்த் தகவல் பதிவு செய்ததற்காக உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டுத் துறையிலிருந்து நோட்டீஸ். இன்னொன்று போனில்: ‘தங்கள் மறு ஆய்வுக் கோரிக்கை ஏற்கப்பட்டது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் பரிசீலிக்கப்படும்.’ ஆறு மணி நேரத்தில் அவளைப் பிடிக்க முடிந்த அரசுக்கு, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காலனிக்குச் சோற்றை நகர்த்த ஆறு மாதம் தேவைப்பட்டது. தனக்கு வேலை போனால் போகட்டும் என்றுதான் எழுதினாள். ஒன்றுமே நகராது என்று அவள் நினைத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை தாங்கல்மேட்டில் ஷாமியானா, நாற்காலி, மாவிலைத் தோரணம். கட்டடம் பிறகு வருமாம்; இப்போதைக்குச் சமுதாயக் கூடத்தில் சமையல். அரசாணையில் உள்ளபடி சரியாக ஏழு மணிக்குப் பரிமாற வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் நாற்பத்தெட்டு பேர், பாதிப்பேர் திருவண்ணாமலையில் இங்கிலீஷ் பள்ளிக்கு வேனில் போய் வருகிறவர்கள், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வரிசையில் நின்றார்கள். வாசலில் ஒரு பெண் போனை உயர்த்திப் பிடிப்பாள். அதில் ஒரு வட்டம் சுற்றும். ஏற்கெனவே பதிவு செய்த முகத்தோடு பொருந்தினால் மணி அடிக்கும், தட்டு கிடைக்கும். நாற்பத்தெட்டு தடவை மணி அடித்தது. சாம்பார் சாதம், பொரியல், மேலே ஒரு அவித்த முட்டை.

தாங்கல்மேட்டுத் தெருவுக்குள் முட்டை வந்ததே இல்லை. சாந்திகுமார் அமைச்சருக்குப் பக்கத்தில் சால்வையோடு நின்று, சிரித்த வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் இருந்தார். பிள்ளைகள் தட்டில் கை வைக்காமல், முட்டை உருண்டு தங்கள் மேல் படாதபடிக் கால்களை மடக்கிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அமைச்சர் பேசினார். கார்கள் புறப்பட்டுப் போயின. சாந்திகுமாரின் மகள் அக்ஷயா மெதுவாக, “சித்தி, நான் எழுந்துக்கலாமா?” என்று கேட்டாள்.

நாற்பத்தெட்டு தட்டு, தொட்டது ஒன்றுகூட இல்லை. மைக் சத்தம் கேட்டோ, சாம்பார் வாசனைக்கோ, காலனிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வந்து ஷாமியானாக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். கஸ்தூரியும் இருந்தாள். மாலினி அருண்பிரசாத்திடம் போனாள்.

“அந்தப் புள்ளைங்கள உள்ள கூப்பிடுறேன்.”

“பதிவு இல்லாதவங்களுக்குக் குடுத்தா கணக்கு உதைக்கும் மேடம். மிச்சத்த எடை போட்டு, போட்டோ எடுத்து, குழியில கொட்டணும். ப்ளீஸ்.” அவன் குரல் கெஞ்சியது. அவனும் இதைச் செய்ய விரும்பவில்லை என்பது தெரிந்தது. அதனால் அவளுக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

அக்ஷயாவின் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கயிற்றருகே போனாள். பிறந்ததிலிருந்து அவள் முட்டை இருந்த தட்டைத் தொட்டதில்லை. கஸ்தூரியிடம் நீட்டினாள்.

கஸ்தூரி சோற்றைப் பார்த்தாள். எச்சில் விழுங்கியது தெரிந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அது அந்த அக்காவுக்கு வெச்சது டீச்சர். நான் எனக்கு வாங்கிக்கிறேன்.”

கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே வந்து, ஆள் இல்லாத வரிசையில் வாசலுக்கு நேராகப் போய் நின்றாள். போன் வைத்திருந்த பெண் தயங்கி, அருண்பிரசாத்தைப் பார்த்து, பிறகு பழக்கதோஷத்தில் போனை உயர்த்தினாள். வட்டம் சுற்றியது. மணி அடிக்கவில்லை. ‘முகம் பொருந்தவில்லை’ என்றது போனுக்குள் இருந்த குரல். கஸ்தூரி குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். ஈரக் கையால் தலைமுடியைப் படிய வாரினாள். பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். மறுபடி வட்டம் சுற்றியது. மறுபடி அதே குரல். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, போனைப் பார்த்து, இந்தத் தடவை பல் தெரியச் சிரித்தாள்.